கழற்றிப் பூட்டிய வீடு

ஒரு வீட்டைக் கழற்றி வேறோர் இடத்தில் பூட்ட முடியுமா? இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட 'பேலீஃப்' பண்ணை வீட்டை அப்படித்தான் காப்பாற்றினார்கள். நீர்த்தேக்கப் பணிக்காக 1960களின் இறுதியில் அதைப் பிரித்தெடுத்து, சஸெக்ஸில் சிங்கிள்டன் என்னும் ஊரிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1972இல் மீண்டும் எழுப்பினார்கள்.

இதன் பாரத்தைத் தாங்குவது ஓக் மரச் சட்டகம். மண் பூசிய தட்டிச் சுவர் வெறும் மறைப்பே. ஒரு சட்டத்தின் கழுந்து மற்றொன்றின் துளையில் நுழையும். குறுக்கே மர ஆணி இறங்கும். ஆணியைத் தட்டி எடுத்தால் சட்டங்கள் பிரியும்.

அப்படியானால் காற்றில் வீடு சாயாதா? நான்கு குச்சிகளை நாற்கரமாகக் கட்டித் தள்ளிப் பாருங்கள், சாயும். மூலைவிட்டமாக மற்றொரு குச்சியைக் கட்டுங்கள், அசையாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. தச்சர்கள் சாய்வுச் சட்டங்களைப் பொருத்தியது இதற்காகத்தான்.