குளத்து நீரும் ஈரற்புற்றுநோயும்

வெயிற்காலத்திலே தேங்கிய நீரின்மேல் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினாற்போல ஓர் ஆடை படர்வதைக் கண்டிருப்பீர்கள். பாசி என்று சொல்லி நாம் அப்பாற் சென்றுவிடுகிறோம். நீலப்பச்சை அல்கா என வழங்கப்பட்டுவந்த இது, உண்மையிற் பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்துட் சில, மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சை ஆக்குகின்றன. ஈரலிற் புற்றுநோய் வளர்வதற்கு அந்நஞ்சு துணைபோகின்றதா என்பதே நம் பேச்சின் பொருள்.

இவ்வினாவை எழுப்பியது சீனநாட்டு அனுபவம். யாங்சி ஆற்றின் கழிமுகத்தை அடுத்த சீதோங், ஹைமென் ஆகிய பகுதிகளில் ஈரற்புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. அங்கும் அது எல்லாரையும் ஒரே அளவிற் பற்றவில்லை. குளத்து நீரையும் வாய்க்கால் நீரையும் பருகியோரிடையே கூடுதலாகவும், ஆழ்கிணற்று நீரைப் பருகியோரிடையே குறைவாகவும் இருந்தது. 1996 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், குளத்து நீர், வாய்க்கால் நீர் மாதிரிகளுள் நூற்றுக்குப் 17 இலும், ஆற்று நீர் மாதிரிகளுள் நூற்றுக்கு 32 இலும் இந்நஞ்சு காணப்பட்டது. ஆழ்கிணற்று நீரில் அது காணப்படவேயில்லை.

இதைக்கொண்டு தீர்ப்புக் கூறிவிடலாமா? கூடாது. அதே மக்களிடையே ஈரலழற்சி 'பி' வைரசும் பரவியிருந்தது. பூஞ்சணம் பிடித்த சோளத்தின் வழியாக அஃப்ளாடொக்சின் என்னும் வேறொரு நஞ்சும் அவர்கள் உடலிற் சேர்ந்தது. இவ்விரண்டுமே ஈரற்புற்றுநோயை உண்டாக்குவன என நன்கு நிறுவப்பட்டவை.

ஆயினும் நஞ்சின் செயல் முறை ஐயத்தை வலுப்படுத்துகின்றது. பித்த அமிலங்களை உள்ளே எடுத்துக்கொள்வதற்கு ஈரற்கலங்களுக்குச் சில வாயில்கள் உண்டு. மைக்ரோசிஸ்டின் அவற்றின் வழியே நுழைகின்றது. புரதங்களிற் பொசுபேற்றை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே கலம் தன் காரியங்களை ஆளுகின்றது. இறக்கும் நொதியங்களை இந்நஞ்சு முடக்கிவிடுகின்றது. பெருமளவிற் புகுந்தால் கலத்தின் சட்டகமே குலைந்து ஈரலினுள் குருதி கசியும். 1996 இல் பிரேசிலின் கருவாரு நகரிலே, இத்தகைய நீர்கொண்டு சிறுநீரக நோயாளரின் குருதி சுத்திகரிக்கப்பட்டபோது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

சிற்றளவில் நெடுநாள் சேரும்போது நிகழ்வது வேறு. கலம் பிரிவதைத் தூண்டும் குறிப்புகள் அடங்காமல் நீடிக்கக்கூடும். புற்றுக்கு வித்திடும் இரசாயனத்தை முதலிற் பெற்ற எலிகளுக்குப் பின்னர் மைக்ரோசிஸ்டின் கொடுத்தபோது, ஈரலிற் புற்றுக்கு முந்திய திட்டுகள் பெருகின. வித்து வேறு, எரு வேறு. இது பெரும்பாலும் எருவின் வேலையைச் செய்வதாகவே எனக்குத் தோன்றுகின்றது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 2010 இல் வெளியிட்ட நூலில், இந்நஞ்சின் முதன்மையான வகையை மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வரிசையிற் சேர்த்தது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராம், அஃதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

கொதிக்கவைத்தால் கிருமிகள் மாளும், இந்நஞ்சு மாளாது. பச்சை ஆடை மறைந்தவுடனே நீரை அள்ளுவதும் தகாது. கலங்கள் இறந்து வெடிக்கும்போதே அவற்றுள் அடங்கியிருந்த நஞ்சு நீரிற் கலக்கின்றது.