ஐஸ் ட்ரேயில் அடங்கும் எலும்புச் சாறு

கறிக்கடையில் வாங்கும் நல்லி எலும்பும் ஆட்டுக்காலும் ஒரு வேளை சூப்போடு தீர்ந்துபோக வேண்டியதில்லை. அவற்றின் சாற்றை இரண்டு மூன்று மாதம் வைத்துப் புழங்கலாம். ஆனால் அதற்குச் சுண்டக் காய்ச்சுவதும் உறைய வைப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். சுண்டுவதை மட்டும் நம்பியவர்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை இறைச்சிச் சாற்றைக் கெட்டியான வில்லையாகும்வரை வற்றவைத்துக் கப்பலில் ஏற்றியது; 1768இல் புறப்பட்ட ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலிலும் அது இருந்தது. அந்தப் பதம் வரை காய்ச்ச ஒரு வீட்டு அடுப்புக்குப் பொறுமை போதாது. கொஞ்சம் அசந்தால் அடிபிடித்துவிடும். நம் வீடுகளின் சுண்டக்குழம்பு மறுநாளும் தாக்குப்பிடிக்கிறதே என்று கேட்கலாம். அதில் புளியும் உப்பும் எண்ணெயும் துணை நிற்கின்றன. வெறும் எலும்புச் சாற்றுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. நம் வெயிலுக்கு அது ஒரே இரவில் கெட்டுப்போகும். சரி, காய்ச்சாமல் அப்படியே ஃப்ரீசரில் வைத்தால்? இரண்டு லிட்டர் சாறு உறையவும் நேரமாகும், உருகவும் நேரமாகும். இடத்தை அடைப்பதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர்.

ஒரு கிலோ எலும்புக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஐந்து லிட்டர் குக்கர் என்பது நல்ல கணக்கு. எலும்பை முதலில் ஒரு கொதி விட்டு, அழுக்கு நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் சாறு தெளிவாக இருக்கும். மூட்டிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் சூட்டில் மெல்ல இளகி ஜெலட்டினாக மாறுகிறது. சாற்றுக்கு வரும் கொழகொழப்பு அதுதான். சாதாரணப் பாத்திரத்தில் நாலைந்து மணி நேரம் பிடிக்கும் இந்த வேலை, குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி வரை ஏறுவதால் முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. பிரஷர் குக்கரின் மூதாதையான கருவியை டெனி பாப்பின் 1679இல் லண்டனில் உருவாக்கியதே எலும்பை இளக்கிச் சாறெடுக்கத்தான். வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கிவிட்டு, வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துக் காய்ச்ச வேண்டும். தொடக்கத்தில் பொடிப்பொடியாக எழும் கொதி, சாறு வற்ற வற்றப் பெரிய, பளபளப்பான குமிழிகளாக மாறி மெதுவாக உடையும். அப்போதிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது. இரண்டு லிட்டர் 400 மில்லியாகக் குறைந்ததும் இறக்கலாம். உப்பு மட்டும் எந்தக் கட்டத்திலும் சேர்க்காதீர்கள். தொடக்கத்தில் அளவாக இருந்த உப்பு கடைசியில் ஐந்து மடங்கு கரிக்கும்.

அடுத்த கட்டமான ஆறவைப்பதில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. ராத்திரி அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டுக் காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சாறு அவற்றுக்குப் பெரும் விருந்து. அவை விட்டுச்செல்லும் நச்சுகளில் சில மறுகொதிப்பிலும் அழியாது. சுண்டியதன் பலன் இங்கே இன்னொரு முறை தெரிகிறது. இரண்டு லிட்டர் ஆற மணிக்கணக்காகும்; 400 மில்லியை ஐஸ் தண்ணீர் நிறைந்த தட்டில் வைத்துக் கிளறினால் சீக்கிரமே குளிர்ந்துவிடும். ஐஸ் ட்ரேயில் ஊற்றினால் ஏறத்தாழ இருபது கட்டிகள். உறைந்தபின் காற்றுப் புகாத பையில் மாற்றித் தேதி எழுதி வைத்தால் ஃப்ரீசர் வாடை ஏறாது.

இவ்வளவு நேரம் அடுப்பு எரிந்தால் கேஸ் என்னாவது என்பது நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் எரிவாயு ஆகும். 1.6 லிட்டரை வற்றவைக்க, 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. பல வேளைச் சமையலுக்கு இது பெரிய செலவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தது எல்லாமே பழசு என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது: கீழ்த்தட்டில் வைத்த சாறு மூன்று நான்கு நாளுக்கு மேல் ஆகாது. ஆனால் மைனஸ் 18 டிகிரியில் நுண்ணுயிர் பெருகுவதே இல்லை. நீண்ட மின்வெட்டில் கட்டிகள் முழுக்க உருகி வெதுவெதுப்பாகிவிட்டால் மட்டும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

எலும்புச் சாறு மூட்டுவலிக்கு மருந்து, நோயாளிக்கு அமுதம் என்ற பேச்சை நம்பி இதில் இறங்குவோருக்கு ஒரு வார்த்தை. பிரான்சில் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எலும்பு ஜெலட்டின் சூப்பை உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதை ஆராய்ந்த உடலியல் அறிஞர் மஜெண்டியின் குழு, ஜெலட்டின் மட்டும் உயிர் வளர்க்காது என்று 1841இல் சொல்லிவிட்டது. உடலுக்கு அவசியமான டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் ஜெலட்டினில் இல்லை. சோறும் பருப்பும் முட்டையும் தருவதை இந்தக் கட்டி தராது. அது தருவது ருசியும் கெட்டித்தன்மையும். அந்த ருசிக்குக் கடையில் சூப் கியூப் இருக்கிறதே என்றால், பெரும்பாலான கியூப்களின் உறையில் முதலில் இருக்கும் பெயர் உப்பு. வீட்டுக் கட்டியில் உப்பு உங்கள் கையில். பிரியாணிக்கு அரிசி வேகும் நீரிலோ கொதிக்கும் சால்னாவிலோ இரண்டு கட்டியை உருக்காமல் அப்படியே போட்டு, ஒரு கொதி வந்தபின் உப்புப் பார்த்துச் சேர்க்கலாம்.