வீட்டு முழமும் பள்ளிக் கணக்கும்

கிள்ளான் லிட்டல் இந்தியாவில் பூச்சரத்தைக் கையால் முழம் போட்டு வாங்குவது நமக்குப் பழகிய ஒன்று. அந்த முழம் வகுப்பறைக்குள் வந்தால் என்ன ஆகும்?

ஆசிரியர் ஒரு கயிற்றைக் கொடுத்து அளக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவனுக்கு 6 முழம். இன்னொரு மாணவிக்கு 7 முழம். ஆசிரியர் அளந்தால் 5 முழம். கயிறு ஒன்றுதானே, கணக்கு ஏன் மாறுகிறது? கை நீளம் வேறு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான அளவு ஏன் வேண்டும் என்பது புரிந்த பிறகு சென்டிமீட்டரைச் சொல்லிக் கொடுப்பது எளிது. அன்று வகுப்பில் அதிகம் பேசுவது, பூக்கட்டும் அம்மாவின் அமைதியான மகளாகவும் இருக்கலாம்.

இதுவே பண்பாடு சார்ந்த கற்பித்தல். அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சிறப்பாகக் கற்பித்த ஆசிரியர்களை ஆராய்ந்து, 1990களில் இக்கருத்தை விளக்கினார். பொங்கலன்று வேட்டி, சேலை அணிவதோடு இது முடிந்துவிடாது. பிள்ளைக்கு வீட்டில் தெரிந்ததைப் பாடத்தின் முதல் படியாக்குவதே இதன் சாரம்.

நம்மிடம் அதற்குப் பஞ்சமில்லை. பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு 5 காய் என்றால் மொத்தம் 70. பெருக்கல் அங்கேயே இருக்கிறது. மலாய்க்காரர்களின் சொங்காக் விளையாட்டும் இதே குடும்பம்தான். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் செங்கல் சூளைகளால் தங்கள் ஊருக்குப் பெயர் வந்த கதையிலிருந்தே வரலாற்றைத் தொடங்கலாம்.

தோட்டத்தில் வீடும் பள்ளியும் ஒரே வேலிக்குள் இருந்தன. பிள்ளையின் வீட்டு நிலவரம் ஆசிரியருக்குத் தெரியும். இன்று பிள்ளை அடுக்குமாடியிலிருந்து பள்ளி வேனில் வருகிறது. ஆசிரியர் வேறு ஊரிலிருந்து வருகிறார். ஒருவர் உலகம் மற்றவருக்குத் தெரியாதபோது, பிள்ளை வாய் திறப்பதில்லை, ஆசிரியரும் சோர்ந்துபோகிறார்.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு முன்னுக்கு வந்துள்ளது. செய்து காட்டவும் பேசவும் இப்போது கூடுதல் இடம் உண்டு. பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொல்லும்போது ஆசிரியரும் புதிதாக ஒன்றைக் கற்கிறார். அந்த மகிழ்ச்சி இருவருக்கும் பொது.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை ஆசிரியரைச் சந்திக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் தொழில் என்ன, தாத்தா எந்தத் தோட்டம், பிள்ளை வீட்டில் எதை விரும்பிச் செய்கிறது என்பதையும் சொல்லுங்கள். நாளைய பாடம் அதிலிருந்தே தொடங்கலாம்.