தண்டிக்க ஒரு கிளப் மிஞ்சுமா?

வருவாயை மீறிச் செலவழிக்கும் கால்பந்து கிளப்புகளை எவ்வாறு தண்டிப்பது என்னும் வினா ஐரோப்பாவில் பெரும்பாலும் புள்ளிக் கணக்காகவே பேசப்படுகிறது. புனே நகரத்தில் அதே வினாவை எழுப்பினால், தண்டனையைப் பெற்றுக்கொள்ள அங்கே கிளப்பே மிஞ்சவில்லை என்பதுதான் முதலில் தெரியவரும். 2015 முதல் 2019 வரையிலான காலத்தில் அந்நகரின் சார்பில் தேசிய லீக்குகளில் ஆடிவந்த கிளப்புகளுள் மூன்று களத்தைவிட்டு அகன்றன. அவற்றுள் ஒன்றுகூட நிதி விதியை மீறியதற்காக வெளியேற்றப்பட்டதன்று.

ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2011 முதல் நடைமுறைப்படுத்திய விதியின் சாரம், ஒரு கிளப் தன் ஆட்டத்துக்காகச் செய்யும் செலவு அது ஈட்டும் வருவாயோடு ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும் என்பதாகும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நட்டத்தை அனுமதித்தது. அவ்வரம்பை 1.95 கோடி பவுண்டு தாண்டியதற்காக எவர்டன் கிளப்புக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. அடுத்த மார்ச்சில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 4 புள்ளிகளை இழந்தது. பட்டியலின் அடியில் முடிப்பவர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியாக வேண்டும் என்னும் ஏற்பாடு அங்கே இருப்பதால்தான் அந்தச் சில புள்ளிகளுக்கு இத்தனை கனம் சேர்கிறது.

புனேயில் நிகழ்ந்தது வேறு. அசோக் பிரமல் குழுமம் 2007இல் தொடங்கிய புனே எஃப்சி, இரண்டாம் பிரிவிலிருந்து முறைப்படி ஏறி வந்து, அப்போதைய தேசிய உயர்மட்ட லீக்கான ஐ-லீக்கின் 2012-13 பருவத்தில் இரண்டாமிடம் பெற்று, 2014இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கோப்பைப் போட்டியிலும் ஆடிய கிளப். கல்யாணி குழுமத்தின் பாரத் எஃப்சியோ, பெருநிறுவனங்களுக்கு நேரடி நுழைவு தரும் ஏற்பாட்டின்வழி 2014-15 பருவத்தில் சேர்ந்து, கடைசி இடத்தில் முடித்தது. எனினும் புதிதாக நுழைந்த பெருநிறுவன அணிக்குக் கீழிறக்கம் கிடையாது என்னும் சலுகை இருந்தமையால், ஐந்து முறை தேசிய வாகை சூடிய கோவாவின் டெம்போ அதற்குப் பதிலாக இறக்கப்பட்டது. இறக்கத்திலிருந்து காக்கப்பட்ட பாரத் எஃப்சி சில மாதங்களிலேயே கடையைக் கட்டிவிட்டது என்பது இந்தியக் கால்பந்து நிருவாகத்தின் கசப்பான வேடிக்கைகளுள் ஒன்று. புனே எஃப்சியும் அதே 2015இல் ஐ-லீக்கைவிட்டு விலகியது.

மூன்றாவது, எஃப்சி புனே சிட்டி. இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014இல் வாத்வான் குழுமமும் நடிகர் ஹ்ரித்திக் ரோஷனும் உரிமையாளர்களாக அமைய, பாலேவாடி அரங்கத்தில் ஆடத்தொடங்கிய இக்கிளப், முதல் பருவத்திலேயே பிரெஞ்சு நட்சத்திரம் டேவிட் டிரெசெகேயை அழைத்து வந்தது. 2017-18இல் அரையிறுதியையும் எட்டியது. ஆனால் அதன் பணம் ரசிகரிடமிருந்தோ நுழைவுச்சீட்டிலிருந்தோ வந்ததைவிட உரிமையாளரின் கருவூலத்திலிருந்தே வந்தது. அக்குழுமத்தின் வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் நெருக்கடியில் சிக்கி, 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கியே அதன் இயக்குநர் குழுவை விலக்கும் நிலைக்கு வந்தது. கிளப்பின் கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது: 2019 ஆகஸ்ட் 27 அன்று அதன் இடத்தில், புதிய உரிமையாளர்களின்கீழ் ஹைதராபாத் எஃப்சி உதயமாயிற்று. தற்செயலாக அதே நாளில்தான், 1885இல் தோன்றிய இங்கிலாந்தின் பரி கிளப், பண நெருக்கடியால் கால்பந்து லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. பரியின் நீக்கம் இங்கிலாந்தில் நிதிக் கண்காணிப்பு குறித்த நெடிய விவாதத்துக்கு வித்திட்டது. புனேயின் இழப்போ ஓர் உரிமை மாற்ற அறிவிப்போடு அடங்கிவிட்டது.

ஹைதராபாத் கிளப் 2022 மார்ச்சில் வாகை சூடியது. ஆனால் அடுத்த ஆண்டே ஊதியப் பாக்கிப் புகார்களில் மூழ்கியது. இத்தகைய பாக்கிக்குப் பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவிடம் இருக்கும் கருவி, பதிவுத் தடை. தீர்ப்பில் குறித்த தொகையை 45 நாட்களுக்குள் செலுத்தாத கிளப், அதைச் செலுத்தும்வரை, அதிகபட்சம் மூன்று முழுப் பதிவுக்காலங்களுக்குப் புதிய வீரர்களைப் பதிவுசெய்ய முடியாது. ஹைதராபாத்துக்கும் இத்தடை விழுந்தது. இரண்டு மாத ஊதியம் வராத வீரர், 15 நாள் கெடு கொடுத்தபின் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்னும் இன்னொரு விதியும் உண்டு. மூத்த வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேற, புதியவர்களைச் சேர்க்க வழியின்றி, பெரும்பாலும் இளைஞர்களைக்கொண்டு 2023-24 பருவத்தை ஆடிய அணி, 22 ஆட்டங்களில் சென்னையின் எஃப்சியை வென்ற ஒரே வெற்றியோடு கடைசி இடத்தில் முடித்தது. தண்டனையின் பாரம் பணம் தராதவரைவிட்டு, பணம் கிடைக்காத இளைஞர்களின் தோளில் இறங்கியது. கிளப் பின்னர் மீண்டும் கைமாறி, 2025இல் தில்லிக்குப் பெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி எனப் பெயர் பூண்டது.

சூப்பர் லீக்கில் செலவுக் கட்டுப்பாடே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஓர் அணி தன் வீரர்களுக்கு ஒப்புக்கொள்ளும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. சில பருவங்களில் அது 16.5 கோடி ரூபாயாக இருந்தது. ஆனால் அவ்வரம்பு கட்டுப்படுத்துவது வாக்குறுதியின் அளவைத்தான். வரம்புக்குள் ஒப்புக்கொண்ட தொகை மாதந்தோறும் வீரரின் கணக்குக்குப் போய்ச் சேருகிறதா என்பதை அது பார்ப்பதில்லை. அதைப் பார்க்கவேண்டியது, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வழங்கும் கிளப் உரிமம். அந்த உரிம நிபந்தனைகளை நிறைவேற்றாததால் 2014இல் சர்ச்சில் பிரதர்ஸ், யுனைடெட் எஸ்சி, ரங்தாஜீத் ஆகிய மூன்றும் ஐ-லீக்கிலிருந்து நீக்கப்பட்டதுண்டு. ஜெர்மனியில் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பே, அப்பருவம் முழுதையும் ஆடி முடிக்கக் கையில் பணமிருக்கிறதா என்று கணக்கைப் பார்த்த பிறகே உரிமம் தருவார்கள். உரிமையாளர் ஒருவரையே நம்பி நிற்கும் இந்தியக் கிளப்புகளுக்கு, பின்னால் கழிக்கும் புள்ளியைவிட முன்னால் கட்டவைக்கும் வைப்புத்தொகைதான் பொருந்தும்; பருவத்தின் ஊதியத்தில் ஒரு பகுதியை வங்கி உத்தரவாதமாகப் பெற்றுவைத்து, தவணை தவறினால் அதிலிருந்து நேராக வீரருக்கே வழங்குவது அதன் வடிவமாக இருக்கலாம்.

இந்த யோசனைக்கு ஒரு தடை, லீக்கின் பக்கத்திலிருந்தே வருகிறது. கூட்டமைப்புக்கும் அதன் வணிகப் பங்காளிக்கும் 2010இல் 700 கோடி ரூபாய்க்குப் போடப்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுறவிருந்த நிலையில், புதுப்பிப்பு தாமதமாகி, அடுத்த பருவம் எப்போது என்பதே தெரியாமற்போனது. அந்த ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்சியும், தொடர்ந்து சென்னையின் எஃப்சியும் ஊதியத்தை நிறுத்திவைத்தன. அட்டவணையே இல்லாத பருவத்துக்கு எந்தக் கிளப்பிடம் எவ்வளவு உத்தரவாதம் கேட்பது என்பதற்கு உரிம விதிகளில் விடையில்லை.