அவருக்காக ஓர் இத்தாலிய இரவுணவு

என் கணவர் இத்தாலியின் பலெர்மோ நகரில், உணவகக் குசினியொன்றில் 11 வருடங்கள் பிறருக்காகச் சமைத்தவர். ஊர் திரும்பிய பின்பும் எங்களுக்கு அவர்தான் சமைப்பார். சென்ற மாதம் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர், எதைக் கொடுத்தாலும் வேண்டாமென்றார். அன்றிரவு, அவருக்குப் பிடித்த ‘அல்யோ எ ஓலியோ’வை முதன்முறையாக நானே செய்தேன்.

இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 2 லீற்றர் தண்ணீர், 20 கிராம் உப்பு. பக்கற்றில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்கிவிட வேண்டும். நான்கு பல்லு உள்ளியைச் சீவி, 4 மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயில் மெல்லிய நெருப்பில் வதக்கி, ஒரு செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள். உள்ளி கருகினால் கசக்கும். ஸ்பகெட்டியோடு, அது அவிந்த தண்ணீரிலும் ஓர் அகப்பை விட்டுக் கிளறினால் எண்ணெய் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

“உமக்கு ஆர் சொல்லித் தந்தது?” என்றார்.

“நீங்கள் சமைக்கேக்க பக்கத்தில நிண்டு பார்த்தனான்.”

கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். சகோதரிகளே, நமக்குச் சமைத்துத் தருபவருக்கும் ஒரு நாள் சமைத்துக் கொடுப்போம்.