மலைச்சாரலில் ஒரு மழைமானி

பூனாகலை மலைச்சாரலில் வாழ்வோர்க்கு மழை புதியதன்று. ஆயினும் எத்துணை மழை பெய்தால் மலை சரியும் என்பதைக் கண்ணால் மதித்தறிதல் அரிது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லாந்தையைச் சேர்ந்த மீரியபெத்தையில் லயன் வீடுகள் வரிசை வரிசையாக மண்ணுள் மறைந்தன. 2023 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் நாள் இரவு, பூனாகலைக் கபரகலைத் தோட்டத்திலும் மலை சரிந்து பலர் காயமுற்றனர். மீரியபெத்தையைப் பற்றி 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அது மனிதர் செய்த பிழை. நாம் கூறவந்தது இயந்திரத்தின் பிழை பற்றியது.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தானியங்கி மழைமானிகளை நிறுவியுள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆயின் எச்சரிக்கை, 150 ஆயின் வெளியேற்றம் என்பன பொதுவாகக் கொள்ளப்படும் எல்லைகள்.

இத்தகைய கருவியுள் என்ன நிகழ்கின்றது? பெருவழக்கான வகையில், புனலின் கீழ் ஊஞ்சல்போல் இரு சிறு கிண்ணங்கள் உள. ஒன்று நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்டும். மற்றையது அவ்விடத்துக்கு வரும். ஒவ்வொரு சாய்விலும் காந்தம் ஓர் ஆளியைத் தொடுக்க, பெட்டியுள் அமைந்த சிறு கணினி ஒன்று எனக் கூட்டும். கணக்குத் தொலைபேசி அலைவழியே அலுவலகத்தைச் சேரும்.

இவ்வளவு எளிய வேலையில் மென்பொருள் எங்ஙனம் தவறும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாய்வு அரை மில்லிமீற்றர் என்க. நிரல் எழுதியவர் சிக்கனங் கருதி எண்ணிக்கைக்கு எட்டுத் துவித இலக்கங்களையே ஒதுக்கினார் எனவுங் கொள்க. அவ்விடத்தில் 255 வரையே அடங்கும். 256 ஆம் சாய்வில் எண்ணிக்கை மீண்டும் 0 ஆகும். அப்போது பெய்த மழை 128 மில்லிமீற்றர். கருவி 100 ஐக் கண்டது; 150 ஐ ஒருபோதும் காணாது! சோதனையில் ஒரு குவளை நீரூற்றிப் பார்ப்பவர் கண்ணுக்கு இப்பிழை புலப்படாது. பெருமழை நாளிலேயே புலப்படும். இது வெறுங் கற்பனையன்று. 1996 ஜூன் 4 ஆம் நாள் ஏரியான் 5 என்னும் ஐரோப்பிய ஏவுகணை புறப்பட்டு ஏறக்குறைய 40 விநாடியில் சிதறியதற்கும், பெரியதோர் எண்ணை 16 இலக்கத்துள் அடைக்க முயன்றதே காரணம். அந்நிரற்பகுதி முந்திய ஏரியான் 4 இலிருந்து எடுத்தாளப்பட்டது. அங்கே அது பழுதின்றி உழைத்தது.

நிரல் இடையில் உறைந்து நிற்பதும் உண்டு. அதற்கெனக் காவற் கடிகாரம் ஒன்றை வைப்பர். நிரல் அதனைக் குறித்த வேளைக்கொருமுறை தட்டிக்கொண்டிருத்தல் வேண்டும். தவறின் அது கணினியை மீளத் தொடக்கும். அங்ஙனம் தொடங்கும்போது அதுவரை எண்ணிய மழைக் கணக்கு அழிந்துவிடின் காவலால் வந்த பயன் யாது? ஆதலின் மின்சாரம் அற்றாலும் அழியாத நினைவகத்தில் அக்கணக்கை எழுதிவைத்தல் இன்றியமையாதது.

கருவியின் பெயரால் பொய்ச் செய்தி அனுப்புவாரும் இருத்தல் கூடும். 2017 ஏப்பிரலில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், எவரோ விடுத்த போலிச் சமிக்ஞையால் 156 அபாயச் சங்குகள் நள்ளிரவில் ஒலித்தன. பொய்ச்சங்கு கேட்டு இருமுறை குழந்தைகளுடன் மழையில் ஓடியவர் மூன்றாம் முறை எழுந்திரார். செய்தி உரிய பெட்டியிலிருந்தே வந்தது என்பதை மறைகுறி கொண்டு உறுதிசெய்தல் அதனாலேயே வேண்டப்படுகின்றது.

எனினும் நாம் மிக அஞ்சுவது மௌனத்தையே. மின்கலம் தீர்ந்தாலும், அலைவழி அறுந்தாலும் செய்தி வராது. செய்தி வராமையை ‘மழையில்லை’ எனக் கொள்ளும் மென்பொருள் உயிர்க்கு உலை வைக்கும். வராமையையே ஒரு பழுதாக அறிவிப்பதே நம்பத்தக்கது. இதனினும் நுட்பமானது புனலைச் சருகு அடைத்த நிலை. அப்போது கருவி நலமாகவே இருக்கும்; தவறாது செய்தியும் அனுப்பும்; ஆனால் அனுப்புவது 0. அயல் மலையில் மழை கொட்டுகையில் இங்கு மட்டும் 0 ஆவதேன் என்று நிரல் ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி இஃது அகப்படாது.

நம் பழைய மாணவருள் மென்பொருள் எழுதுவோர் இன்று பலர். அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க மற்றுமொரு கருவியும் உண்டு. ஒரு புனல், ஓர் அளவுச்சாடி, காலை எட்டரை மணிக்கு அதனைப் பார்த்தெழுத ஒரு மாணவன். தோட்டப் பாடசாலை முற்றத்தில் அதற்கு இடமுண்டு. நாட்குறிப்பேடு ஒன்றும் வேண்டும்.