பாக்கெட் எண்ணெய் கலங்குவதும் உயிரணுச் சவ்வு இளகுவதும்: நிற்காமல் நகரும் கொழுப்பின் கதை

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மளிகைக் கடைகளில் மானிய விலையில், 2 வெள்ளி 50 காசுக்கு விற்கப்படும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில மணி நேரத்தில் அது கலங்கிவிடும். கூடுதல் நேரம் வைத்தால் பாதி உறைந்தும் போகும். கலப்படமோ என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. கலப்படம் இல்லை, செம்பனை எண்ணெயின் இயல்பே அதுதான். அந்தக் கலங்கலுக்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு இளகியிருக்குமா, இறுகிப் போகுமா என்பதையும் தீர்மானிக்கிறது.

நான்காம் படிவ உயிரியல் மாணவர்களுக்கு இந்தச் சவ்வு புதிதல்ல. உருண்டைத் தலையும் இரண்டு வால்களும் கொண்ட மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கும் படத்தை எஸ்.பி.எம். தேர்வுக்காக வரைந்து வரைந்து மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தப் படத்தில் ஒரு குறை இருக்கிறது. படத்தில் எல்லாம் அசையாமல் நிற்கின்றன. உண்மையான சவ்வில் எதுவுமே நிற்பதில்லை.

தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் இந்தக் கொழுப்பு மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால், யாரும் அடுக்காமலேயே வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி இரட்டை வரிசையாகச் சேர்ந்துகொள்கின்றன. அந்த அடுக்கின் கனம் 4 முதல் 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் இப்படிப் பத்தாயிரம் அடுக்குகளுக்கு மேல் வைக்கலாம்.

உயிருள்ள சவ்வில் புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரத்து பிரிக்பீல்ட்ஸ் சாலையில் ஒருவரை மட்டும் பின்தொடர்வது எவ்வளவு சிரமமோ, அவ்வளவு சிரமம் அதில் ஒரு கொழுப்பு மூலக்கூறு எங்கே போகிறது என்று பார்ப்பது. ஆகவே ஆய்வாளர்கள் கூட்டமில்லாத சாலையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். கொழுப்பும் தண்ணீரும் மட்டுமே கொண்ட அந்த மாதிரிச் சவ்வை 1960களில் இங்கிலாந்தின் பாப்ரகாம் ஆய்வுக் கழகத்தில் அலெக் பேங்ஹாம் உலகுக்குக் காட்டினார். முட்டை மஞ்சள் கருவின் கொழுப்பைத் தண்ணீரில் கலந்தபோது, அது நுண்ணிய உருண்டைகளாகத் தானே மூடிக்கொண்டது. இன்று அவற்றுக்கு லிப்போசோம் என்று பெயர்.

மாதிரிச் சவ்வு செய்ய இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதிகம் பயன்படுத்தும் கொழுப்புகளில் ஒன்று பிஓபிசி. முட்டைக் கொழுப்பிலும் நிறைய இருப்பது இதுதான். இதன் ஒரு வால் பால்மிட்டிக் அமிலம், மற்றொன்று ஒலியிக் அமிலம். செம்பனை எண்ணெயிலும் முதன்மையாக இருப்பவை இந்த இரண்டுமே; முன்னது ஏறக்குறைய 44 விழுக்காடு, பின்னது 39 விழுக்காடு. பால்மிட்டிக் என்ற பெயரே பனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே தொடங்கியது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! செம்பனை விளைந்த மண்ணுக்குத் தென்னையின் தமிழ்ப் பெயர்.

பால்மிட்டிக் வால் நேரானது. நேரான குச்சிகளைக் கட்டாகக் கட்டுவதுபோல் அவை நெருங்கி அடுங்கும், சீக்கிரம் உறையும். ஒலியிக் வாலின் நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. வளைந்த குச்சி கட்டுக்குள் அடங்காது. இரண்டு வாலும் பால்மிட்டிக்காக இருந்தால் அந்தச் சவ்வு 41 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிவிடும். அதாவது 37 டிகிரி உடல் சூட்டிலும் விறைப்புதான். ஒரு வாலை மட்டும் ஒலியிக்காக மாற்றினால் போதும், சுழியத்துக்கும் 2 டிகிரி கீழே போகும்வரை இளகியே இருக்கும். ஒரே ஒரு வளைவுக்கு 43 டிகிரி வித்தியாசம். வீட்டில் பாக்கெட் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் பிள்ளைகளே இதைக் கண்ணால் பார்க்கலாம். வளைந்த வால்கள் அதிகம் உள்ள நல்லெண்ணெய் தெளிவாகவே இருக்கும்.

இளகிய சவ்வில் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்தில் உள்ளதோடு விநாடிக்குக் கோடி முறை அளவில் இடம் மாறிக்கொள்கிறது. 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல அதற்கு ஒரு விநாடி போதும். இதை அளக்கும் வழி எளிமையானது. கொழுப்பு மூலக்கூறுகளில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, லேசர் ஒளியால் ஒரு புள்ளியில் மட்டும் சாயத்தை மங்கச் செய்கிறார்கள். சுற்றியுள்ள ஒளிரும் மூலக்கூறுகள் உள்ளே நகர்ந்துவர, கறுத்த புள்ளி மீண்டும் வெளிச்சமாகிறது. எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். இறுகிய சவ்விலோ அந்தப் புள்ளி நெடுநேரம் கறுப்பாகவே கிடக்கும்.

பக்கவாட்டில் இத்தனை சுறுசுறுப்பாக ஓடும் இதே மூலக்கூறு, ஒரு வரிசையிலிருந்து எதிர் வரிசைக்குத் தலைகீழாகப் புரள மட்டும் மணிக்கணக்கு, சில வேளை நாள்கணக்கு எடுத்துக்கொள்கிறது. தண்ணீரை விரும்பும் தலை, நடுவில் உள்ள எண்ணெய்ப் பகுதியைத் தாண்டியாக வேண்டுமே! உடல் இந்தத் தடையை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பை அது சவ்வின் உள்வரிசையிலேயே வைத்திருக்கிறது. காயம் பட்டதும் இரத்தத் தட்டணுக்களில் சில புரதங்கள் அதை வெளிப்பக்கம் புரட்டிவிடுகின்றன. இரத்தம் உறைவதற்கான வேலைகள் அதன்மேல்தான் வேகம் எடுக்கின்றன. இந்தப் புரட்டல் சரியாக நடக்காத ஸ்காட் நோய்க்குறி என்ற மிக அரிய பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்தக் கசிவு எளிதில் நிற்பதில்லை.

இதைப் படித்துவிட்டுப் பொரித்த பலகாரத்துக்குச் சாக்குத் தேட வேண்டாம். உண்ணும் எண்ணெய் அப்படியே போய்ச் சவ்வில் ஒட்டிக்கொள்வதில்லை. உடல் அதைப் பிரித்து, தனக்கு வேண்டியபடி மாற்றிக் கட்டிக்கொள்கிறது. பால்மிட்டிக் அமிலத்தை உடல் தானே தயாரிக்கவும் செய்யும். இரத்தத்தில் கூடினால் மருத்துவர் எச்சரிக்கும் கொலஸ்ட்ரால்கூட, சவ்வுக்குள் அளவோடு இருக்கும்போது தேவையான ஒன்று. வால்களுக்கு இடையே புகுந்து, சவ்வு அளவுக்கு மீறி இளகாமலும் ஒரேயடியாக இறுகாமலும் அது காக்கிறது.

மாதிரிச் சவ்வில் கற்ற இந்தப் பாடம் மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தது. டாக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது. அதை லிப்போசோம் உருண்டைக்குள் அடைத்துக் கொடுத்தால் அந்தப் பாதிப்பு குறைகிறது. ஆனால் உருண்டையின் சவ்வு இளகினால் மருந்து வழியிலேயே கசிந்துவிடும். எனவே வேண்டுமென்றே நேரான வால்கள் கொண்ட, 50 டிகிரிக்கு மேல்தான் இளகும் கொழுப்பைத் தேர்ந்தெடுத்து, கொலஸ்ட்ராலும் சேர்த்து அதைச் செய்தார்கள். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, இன்று சினைப்பைப் புற்றுநோய் உள்ளிட்ட சில நோய்களுக்கு ஊசி வழியாக நரம்பில் ஏற்றப்படுகிறது.